போடிக்கு ஒரு மெத்தைப் பயணம்

ராத்திரி 2 மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவள், அம்மாவின் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து எட்டிப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. போன தீபாவளிக்குத் தம்பி பெங்களூருவில் இருந்து ஆசையாக வாங்கி அனுப்பிய 10 இன்ச் ஸ்பிரிங் மெத்தை, போட்ட விரிப்பு கலையாமல் அப்படியே கிடந்தது.

அம்மா தரையில் இருந்தார். பழைய கோரைப்பாயில் உட்கார்ந்து, ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தரையில் ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். 72 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பாத்ரூம் போக வேண்டும், எழ முடியவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை.

"எத்தனை நாளாம்மா இப்படித் தரையில படுக்கிற?"

"இன்னைக்கு மட்டும்தான்டி. வெக்கையா இருந்துச்சு."

அது பொய் என்று காலையில் தெரிந்துவிட்டது. வேலைக்கு வரும் அக்கா சொன்னார்: "அம்மா எப்பவும் பாயிலதானம்மா படுக்குறாங்க. விடிஞ்சதும் சுருட்டி பீரோவுக்குப் பின்னாடி வச்சிருவாங்க. போன மாசம் எந்திரிக்கையில சாஞ்சு விழுந்துட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க."

எனக்கு வயிறு கலங்கிப் போனது. நான் சென்னையில், தம்பி பெங்களூருவில், அம்மா மதுரையில் தனியாக. இந்த வயதில் தரையில் இருந்து எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"சரி, வேற மெத்தை வாங்குவோம். ஸ்பிரிங் இல்லாம. உனக்கு எது வேணும், நீயே சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்த அம்மா மெதுவாகச் சொன்னார்.

"எங்கய்யா எனக்குக் கல்யாணத்துக்குப் போடியில இருந்து ஒரு இலவம் பஞ்சு மெத்தை எடுத்துட்டு வந்தாரு. அந்த மாதிரி ஒண்ணு."

மறுநாள் காலை மதுரை ஜங்ஷனில் நானும் அம்மாவும் போடி ரயிலில் உட்கார்ந்திருந்தோம்.

மலையைப் பார்த்து ஓடும் ரயில்

மதுரையில் இருந்து போடிநாயக்கனூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 1928-ல் போட்ட பாதை. பல காலம் மீட்டர் கேஜ் வண்டி ஆடி அசைந்து ஓடியது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியோடு நிறுத்தினார்கள். மறுபடி தேனி வரை ரயில் வர 2022 மே மாதம் ஆனது. போடி வரை வர 2023 ஜூன் ஆனது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த ஊரில் ரயிலையே பார்க்காமல் பள்ளிப் படிப்பை முடித்திருப்பார்கள்.

அம்மாவுக்கு ஜன்னல் ஓரம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது இரண்டு பக்கமும் மலை நெருங்கி வருகிறது. அதைத் தாண்டினால் காற்றாலைகள், தென்னந்தோப்புகள், தூரத்தில் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை. போகப் போக அந்த நீலம் பச்சையாக மாறுகிறது. போடியில் ரயில் நிற்கும்போது மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. மேலே போக வேண்டும் என்றால் போடிமெட்டு வழியாக மூணாறுக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலைதான்.

போடி என்றால் எல்லோருக்கும் ஏலக்காய் ஞாபகம் வரும். மலையில் விளையும் ஏலக்காய் இங்கேதான் இறங்கி ஏலத்துக்கு வருகிறது. கடைவீதியில் நடந்தால் சில இடங்களில் மூக்கே வழி சொல்லிவிடும். ஆனால் பழைய ஆட்களைக் கேட்டால் ஏலக்காயோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்வார்கள். அதுதான் இலவம் பஞ்சு. சுற்றியுள்ள மலையடிவாரத்திலும், குரங்கணி, கொட்டகுடி பக்கத்து மலைச் சரிவுகளிலும் இலவ மரங்கள் நிற்கின்றன. கோடை தொடங்கும்போது காய் முற்றி நெற்றாகும். நாங்கள் போனது ஏப்ரல். சரியான பருவம்.

கிளி ஏமாந்த காய்

'இலவு காத்த கிளி' என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்த மரம்தான் இது. காய் பார்க்கப் பச்சையாக, நீளமாக, பழுத்தால் ருசியாக இருக்கும் போலத்தான் தொங்கும். பழுக்கும் பழுக்கும் என்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். கிளிக்கு ஏமாற்றம், நமக்குத் தலையணை!

ஆட்டோக்காரத் தம்பி எங்களை முதலில் ஒரு பஞ்சு பிரிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். வெளியே களத்தில் பழுப்பு நிற நெற்றுகள் குவியல் குவியலாகக் காய்ந்துகொண்டிருந்தன. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்துப் பஞ்சைத் தனியாக எடுத்துப் போட்டார்கள். எல்லோர் மூக்கிலும் வாயிலும் துணிக்கட்டு. உள்ளே ஒரு இயந்திரம் பஞ்சை அடித்துக் கொட்டையைப் பிரிக்கிறது. பஞ்சு லேசானதால் மேலே பறக்கிறது. கொட்டை கீழே விழுகிறது. கொட்டையில் எண்ணெய் எடுக்கலாம். ஆட்டிய பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும். உடைத்த ஓடு அடுப்பெரிக்க. எதுவும் வீணாவதில்லை.

அந்தப் பெண்களில் ஒருவர் கைநிறையப் பஞ்சை அள்ளி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். வைத்தது தெரியவே இல்லை. அவ்வளவு லேசு.

இந்த லேசுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே கூடான குழாய். பெரும்பகுதி வெறும் காற்று. இழையின் மேல் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவை உடுப்புகளுக்குள் இதை அடைத்தார்கள். ஆனால் இழை குட்டையாக, வழவழவென்று இருப்பதால் பருத்தி மாதிரி நூல் நூற்பது கஷ்டம். ஆகவே காலம் காலமாக இதன் வேலை மெத்தையும் தலையணையும்தான்.

"கட்டில் எவ்வளவு உயரம்?"

அடுத்து மெத்தைக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் தைக்கும் இடம். கோடு போட்ட மெத்தைத் துணிகள் ஒரு பக்கம், பஞ்சு மூட்டைகள் ஒரு பக்கம். நான் போனதும் போகாததுமாக, "ஆறே கால் அடிக்கு மூணு அடி, இலவம் பஞ்சு மெத்தை ஒண்ணு வேணும்ணே. நல்லா தடிமனா, எட்டு இன்ச்சுக்கு இருக்கட்டும்" என்றேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"படுக்கப் போறது யாரும்மா?"

"அம்மாதான்."

"கட்டில் எவ்வளவு உயரம்?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. வேலைக்கு வரும் அக்காவுக்குப் போன் போட்டு அளக்கச் சொன்னேன். பலகை வரை 15 இன்ச் என்றார்.

கடைக்காரர் அம்மாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, தையல் டேப்பை எடுத்து, தரையில் இருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார். 16 இன்ச். பிறகு கேட்டார்: "இப்ப வீட்டில இருக்கிற மெத்தை எத்தனை இன்ச்?"

"பத்து."

"15-ம் பத்தும் 25. உங்க கால் தரையைத் தொடுமாம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "தொடாது தம்பி. ஏறும்போது தொத்தித்தான் ஏறணும். இறங்கையில கால் எங்க இருக்குன்னே தெரியாது. ஓரத்துல உட்கார்ந்தா மெத்தை அமுங்கி வழுக்கும். ராத்திரி இருட்டுல பயமா இருக்கும். அதான்..."

அதான் பாய். ஆறு மாதமாக எங்களுக்குத் தெரியாமல் போன விஷயம், ஒரு தையல் டேப் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டது. ஸ்பிரிங்கின் மேல் தப்பு இல்லை. அந்த மெத்தை மட்டமான மெத்தையும் இல்லை. அது தம்பியின் உயரத்துக்கும், தம்பியின் முதுகுக்கும் பொருத்தமான மெத்தை. அவன் கடையில் தான் படுத்துப் பார்த்துத்தான் வாங்கினான். படுக்க வேண்டியவரைப் படுத்துப் பார்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நான் செய்ய வந்ததும் அதே தப்புதான். எட்டு இன்ச் என்று அளவு சொன்னது நான். அம்மா இல்லை.

வயதானவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். மெத்தை அமுங்கிய பிறகு, முழங்கால் மடிப்பு உயரத்தைவிட ஓரிரண்டு இன்ச் கூடுதலாக இருந்தால் எழுவது சுலபம். அதற்கு மேல் போனால் கால் தொங்கும். கீழே போனால் எழ முடியாது. அம்மாவுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. மெத்தையில் கால் தொங்கியது. பாயில் எழ முடியவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்

"அப்ப இலவம் பஞ்சுதான் நல்லதுங்களா?" என்று கேட்டேன். தன் சரக்கைத்தான் புகழ்வார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாதும்மா. இதுக்கும் குறை இருக்கு. படுக்கப் படுக்க அமுங்கும். இடுப்பு படுற இடத்துல பள்ளம் விழும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வெயில்ல போட்டுத் தட்டினாத்தான் உப்பி வரும். உங்கம்மா தனியா இருக்காங்கங்கிறீங்க. பத்து கிலோ மெத்தையை யாரு மாடிக்குத் தூக்கிட்டுப் போவா?"

யோசிக்க வேண்டிய கேள்வி. டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங் இல்லாத மெத்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதையும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

இலவம் பஞ்சு: மென்மை, லேசு, காற்றோட்டம். வியர்வையைக் குடித்து ஈரமாகிவிடாது. ஆனால் வெயில் காட்டிப் பராமரிக்க வேண்டும். வருஷங்கள் போனால் இழை ஒடிந்து தூளாகும். அந்தத் தூசி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. உறை கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும். இன்னொன்று, இது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். மெத்தை பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள், விளக்கு வைக்கவே கூடாது.

பருத்திப் பஞ்சு: இலவம் பஞ்சைவிடக் கனம், உறுதி. ஈரத்தை உறிஞ்சும். கட்டி கட்டியாக இறுகினால், பிரித்து அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

காயர் மெத்தை: தேங்காய் நாரைச் சுருளாக்கி, ரப்பர் பால் தெளித்து, அழுத்திச் செய்வது. உறுதியானது. நாருக்கு இடையில் காற்று புகும். நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்றது. அப்படியே படுத்தால் சிலருக்குக் கடினமாக இருக்கும். சில வருஷங்களில் நடுவில் தாழும். அதனால் அவ்வப்போது தலைமாடு கால்மாடு மாற்றிப் போட வேண்டும்.

லேடெக்ஸ்: ரப்பர் மரத்துப் பாலைக் கடைந்து நுரையாக்கி வேகவைத்துச் செய்வது. அமுங்கவும் செய்யும், உடனே எழும்பவும் செய்யும். நீண்ட நாள் உழைக்கும். விலையும் கனமும் அதிகம். எல்லா லேடெக்ஸும் மரத்துப் பாலில் செய்தது அல்ல. செயற்கை லேடெக்ஸும் உண்டு, கலப்பும் உண்டு. எத்தனை பங்கு இயற்கை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பியூ ஃபோம்: விலை குறைவு, தூக்குவது சுலபம். இதில் பார்க்க வேண்டியது 'டென்சிட்டி'. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு அது. 32, 40 என்று சொல்வார்கள். எண் கூடினால் பொதுவாக நாள் கூட உழைக்கும். மென்மையா, கடினமா என்பது வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மெமரி ஃபோம்: 1960-களில் நாசாவுக்காக உருவான பொருள். உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் அச்சுக்கு வளைந்து கொடுக்கும். சிலருக்கு அது சொர்க்கம். ஆனால் புதைந்த இடத்தில் இருந்து புரண்டு படுக்க வயதானவர்களுக்குச் சிரமம். ஏசி இல்லாத அறையில் வெக்கையாகவும் தெரியும்.

"முதுகுவலின்னா கட்டாந்தரைதான் நல்லதுன்னு சொல்றாங்களே?" என்று அம்மா கேட்டார். நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளியானது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குக் கடினமான மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. கல் மாதிரியும் வேண்டாம், சேறு மாதிரியும் வேண்டாம் என்பதுதான் இதில் நமக்குச் செய்தி.

உள் அறையில் முக்கால் மணி நேரம்

"நான் என்ன சொன்னாலும், முதுகுக்குத்தாம்மா தெரியும். படுத்துப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடைக்குள்ளயா? போற வர்றவங்க பார்க்க நான் படுக்கிறதா? வேண்டாம் தம்பி, கையால அமுக்கிப் பார்த்தா போதும்."

இதுதான் நம் வீட்டுப் பெண்களின் பிரச்னை. செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குவார்கள். சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பார்கள். தினமும் ஏழு எட்டு மணி நேரம் கிடக்கப் போகிற மெத்தையை மட்டும் விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்வார்கள். கையால் அமுக்குவதும், முழு உடம்பும் கிடப்பதும் ஒன்றா?

கடைக்காரரின் மனைவி உள்ளே இருந்து வந்தார். "உள்ள வாங்கக்கா. அங்க ஒரு கட்டில் கிடக்கு. ஆம்பளைங்க யாரும் வர மாட்டாங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

முதலில் ஐந்து இன்ச் இலவம் பஞ்சு மெத்தை. அம்மா மல்லாந்து படுத்ததும் அந்த அக்கா, இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தார். கை போகவே இல்லை. "ரொம்ப அமுங்குது. இடுப்பு உள்ள போகுது" என்றார். அடுத்து, வெறும் பலகையில் மெல்லிய விரிப்பு. கை தாராளமாகப் போய் வந்தது. அதாவது இடுப்புக்குத் தாங்கலே இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. கை லேசாக உரசிக்கொண்டு போகிற மாதிரி இருந்தால்தான் சரி. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பு எலும்பும் கொஞ்சம் அமுங்கி, முதுகெலும்பு நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதைப் பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

மூன்றாவதாக, அவர்கள் வீட்டிலேயே இருந்த இரண்டு இன்ச் காயர் பலகையைக் கீழே போட்டு, அதன் மேல் மூன்று இன்ச் இலவம் பஞ்சு மெத்தையைப் போட்டார்கள். அம்மா படுத்தார். மல்லாந்து படுத்தார். வலது பக்கம் புரண்டார். இடது பக்கம் புரண்டார். "இது பரவாயில்லடி" என்றார்.

"உடனே எந்திரிக்காதீங்கக்கா. கால் மணி நேரமாவது கிடங்க. படுத்ததும் எல்லா மெத்தையும் சுகமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா ஃபேனைப் போட்டார்.

நான் வெளியே வந்து கடைக்காரரிடம் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, குறட்டையோடு. முன்பின் தெரியாத வீட்டில், பட்டப்பகலில். அந்தத் தூக்கத்தைப் பார்த்தபோதுதான், அம்மா எத்தனை ராத்திரி சரியாகத் தூங்காமல் இருந்திருப்பார் என்று எனக்கு உறைத்தது.

எழுப்ப மனசு வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே விழித்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. கட்டில் காலைப் பிடிக்காமல், கையை மெத்தையில் ஊன்றி, எழுந்து நின்றார்.

"இதையே தைக்கச் சொல்லு."

பஞ்சை எப்படிப் பார்ப்பது?

தைப்பதற்கு முன் கடைக்காரர் மூட்டையைப் பிரித்துக் காட்டினார். நல்ல இலவம் பஞ்சு சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்காது. சந்தன வெளுப்பில் பட்டு மாதிரி மினுங்கும். உள்ளங்கையில் வைத்து இறுக்கி விட்டால் மெல்ல உப்பி எழும். கலர் நூல் துணுக்குகள் தென்பட்டால் மில் கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். விரலால் நெருடினால் நிறையக் கொட்டை தட்டுப்படக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகைப் பஞ்சைப் போட்டார். நனையாமல் மேலேயே மிதந்தது.

பஞ்சு மெத்தைக்கு விலை கிலோ கணக்கில். அதனால் அடைப்பதற்கு முன்னும் பின்னும் நம் கண் முன்னால் எடை போடச் சொல்ல வேண்டும். அடைத்த மெத்தையை ரெடிமேடாக வாங்கினால் ஓரத் தையலைக் கொஞ்சம் பிரித்து உள்ளே இருப்பதைக் காட்டச் சொல்லலாம். நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

துணி உறைக்குள் பஞ்சைத் திணித்து, குச்சியால் தட்டித் தட்டிச் சமமாகப் பரப்பி, பெரிய ஊசியால் மேலிருந்து கீழாக அங்கங்கே குத்தித் தையல் போடுகிறார்கள். பஞ்சு ஒரு பக்கமாக ஓடிவிடாமல் இருக்க அந்தத் தையல்தான் காவல். மேலே கழற்றித் துவைக்க ஜிப் வைத்த ஓர் உறை தனி. மூன்று இன்ச் என்பதால் கனமும் குறைவு. வேலைக்கு வரும் அக்காவே மடித்து எடுத்துப்போய் வெயிலில் போட்டுவிடலாம்.

காயர் பலகையை எடுத்துத் தரச் சொன்னேன். "அது என்கிட்ட விற்பனைக்கு இல்லம்மா. மதுரையிலயே கிடைக்கும். கட்டில் அளவு கொடுத்து வெட்டி வாங்கிக்கங்க" என்றார். தன்னிடம் இல்லாததைத் தன்னிடம் இருப்பதோடு சேர்த்து யோசித்துச் சொன்ன அந்த மனிதரை நினைத்துக்கொண்டேதான் மாலை ரயில் ஏறினேன். மெத்தை மறுநாள் லாரி பார்சலில் வந்து சேர்ந்தது.

வாங்கும் முன் இதை மறக்காதீர்கள்

கட்டில் உயரத்தையும், படுப்பவரின் முழங்கால் மடிப்பு உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மெத்தையின் தடிமனை அந்தக் கணக்கு சொல்லும்.

யார் படுக்கப் போகிறாரோ அவரையே கூட்டிப் போங்கள். தினமும் படுக்கும் வாக்கில், அவருடைய தலையணையோடு, 15 நிமிடமாவது படுக்கட்டும்.

ஆன்லைனில் வாங்கினால், எத்தனை நாள் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம், திருப்பி எடுத்துப்போகும் செலவு யாருடையது என்று முதலில் படியுங்கள்.

வாரன்டி அட்டையில் எத்தனை இன்ச் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று இருக்கும். வருஷக் கணக்கைவிட அந்த வரி முக்கியம்.

கடுமையான முதுகுவலி, கால் மரத்துப்போதல் இருந்தால் மெத்தைக் கடைக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். மெத்தை வைத்தியம் செய்யாது.

கடைசியாக ஒரு போன்

ரயில் ஆண்டிபட்டியைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா கையை நீட்டினார். "போனைக் கொடு. நானே சொல்றேன்."

"தம்பி, நீ அனுப்பின மெத்தை எனக்கு எட்டலப்பா. கால் தொங்குது. நான் பாயிலதான் படுத்தேன்."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஆறு மாசமாம்மா? ஏம்மா சொல்லலை?"

"நீ ஆசையா வாங்கினதுப்பா. எப்படிச் சொல்றது?"

அவன் குரல் கம்மியது. "நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டு வாங்கியிருக்கணும்மா" என்றான்.

அந்த ஸ்பிரிங் மெத்தை இப்போது மதுரை வீட்டு மாடி அறையில் இருக்கிறது. லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்துக் கும்மாளம் போடுகிறார்கள். தம்பி வந்தால் அவனும் அதில்தான் படுக்கிறான். நன்றாகத் தூக்கம் வருகிறதாம்!

அம்மாவின் பாய் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டது. மொட்டை மாடியில் வற்றல் காயப்போட. பக்கத்திலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில், கோடு போட்ட மெத்தையும் வெயில் காய்கிறது.

போன வாரம் போனில் கேட்டேன்: "ராத்திரி தூக்கம் எப்படிம்மா?"

"எந்திரிச்சதே தெரியலடி. விடிஞ்சுதான் முழிச்சேன்" என்றார்.

இந்த முறை அது பொய் இல்லை. அக்காவிடமும் கேட்டுவிட்டேன்.